மடக்குக் கத்தியை மட்டும் நம்பி வேட்டைக்குப் போகலாமா?

புதுத்தடம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உரிமம் பெற்று மான் வேட்டைக்குச் செல்லத் தொடங்கியபின் இது எனக்கு இரண்டாவது பருவம். சென்ற முறை என்னுடன் வந்த மூத்தவர் ஒருவர்தான் விழுந்த மானின் வயிற்றைத் திறந்து, குடலை எடுத்து, தோலுரித்து, கால்களைப் பிரித்துத் தந்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டும் விளக்கைக் காட்டிக்கொண்டும் நின்றேனே ஒழிய, கத்தியைக் கையில் எடுக்கவில்லை. இம்முறை அவர் வரவில்லை. எல்லாவற்றையும் நானே செய்தாக வேண்டும்.

என்னிடம் இருப்பது, விரித்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டை முதுகுப் பக்கம் கொண்ட மடக்குக் கத்தி. பக் என்ற கத்தி நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த 110 என்ற கத்தியின் அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. அலகு ஏறக்குறைய 9.5 செ.மீ., இரு முனையிலும் பித்தளை, நடுவில் மரப்பிடி. அந்த மூத்தவரோ இடுப்பில் உறையோடு தொங்கும் மடங்காத கத்தியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். எனக்கு இடுப்பில் கத்தி தொங்கினால் உட்காரும்போது குத்துகிறது, மரத்தில் ஏறும்போது கிளையில் மாட்டிக்கொள்கிறது. மடக்கிப் பைக்குள் போட்டுக்கொள்வதே எனக்கு இசைவாக இருக்கிறது.

நான் கேட்க விரும்புவது மூன்று. முதலாவது, கை முழுதும் குருதியும் கொழுப்புமாக இருக்கும்போது இந்தப் பூட்டை நம்பலாமா? இரண்டாவது, இடுப்பெலும்பையும் நெஞ்செலும்பையும் திறக்க இந்தக் கத்தி போதுமா, அல்லது அவற்றைத் திறக்கவே தேவையில்லையா? மூன்றாவது, கீலுக்குள் புகுந்துவிடும் அழுக்கை எப்படி எடுப்பது? எந்தக் கத்தி அழகு, எது விலை உயர்ந்தது என்ற பேச்சு வேண்டாம். இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சாணைக்கல்

மடங்காத கத்தியை வாங்கிவிடுங்கள் என்பதே என் சுருக்கமான விடை. கதவு ஆடுவதும் கீலில்தான், கத்தி ஆடுவதும் கீலில்தான். பத்து சென்டிமீட்டருக்கு மேற்படாத அலகும், காம்பு கைப்பிடியின் கடைசிவரை ஓடும் அமைப்பும் கொண்ட சிறிய கத்தி ஒன்று உங்கள் 110 வகைக் கத்தியைவிட எடை குறைவாகவே இருக்கும். அந்த வகைக் கத்தி ஏறத்தாழ 200 கிராம் இருப்பதைத் தராசில் வைத்துப் பார்த்தாலே தெரியும். மடக்குவதால் நீளம் பாதியாகிறது, எடை பாதியாவதில்லை. உறையை இடுப்பில் மாட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, முதுகுப் பையின் மேலறையில் வைத்தாலும் அது கத்திதான்.

நெடுங்காடு

சாணைக்கல் சொல்வதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஒரே ஒரு கத்திதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நானும் மடங்காததையே எடுப்பேன். ஆனால் கேட்டவரிடம் இருப்பது மடக்குக் கத்தி. அதை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியுமா என்றால் முடியும்; நான் பதினேழு பருவங்களாகப் பெரும்பாலும் அப்படித்தான் செய்துவருகிறேன். எந்த இடத்தில் அதை நம்பலாம், எந்த இடத்தில் நம்பக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பூட்டைப் பற்றி. கத்தியை விரித்து அதன் வாயை, அதாவது அறுக்கும் விளிம்பை, ஒரு பலகையின் மீது வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்தம் கூடக் கூட அலகு மேலும் விரியவே பார்க்கும், மடங்காது. ஏனென்றால் வாய்ப்பக்கம் விழும் விசை அலகை அதன் முதுகுப் பக்கமாகத் தள்ளுகிறது. எனவே, தோலைக் கீறுவதும் தசையை அறுப்பதுமாகிய சாதாரண வேலைகளில் பூட்டுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. பூட்டே இல்லாமல் வில்லின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் பழைய சட்டைப்பைக் கத்திகளால் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோலுரித்தது இதனால்தான். விசை திரும்பி அலகின் முதுகில் விழும் இடங்களில்தான் பூட்டின் மீது பொறுப்பு வருகிறது. இந்த வேலையில் அப்படிப்பட்ட இடங்கள் மூன்று: நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விட்டுக் கண்ணால் பார்க்காமல் மூச்சுக்குழலை அறுக்கும்போது கத்தியின் முதுகு விலா எலும்பில் மோதுவது, குருத்தெலும்பில் ஏறிச் சிக்கிக்கொண்ட முனையை அசைத்து அசைத்துப் பிடுங்குவது, மலவாயைச் சுற்றி ஆழமாக அறுக்கையில் இடுப்பெலும்பின் உட்சுவரில் முதுகு உரசுவது.

இதில் முதலாவதை நான் அனுபவித்துத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், இருட்டத் தொடங்கிய வேளையில், குடலையெல்லாம் ஒதுக்கிவிட்டு உதரவிதானத்தையும் அறுத்துவிட்டு, மூச்சுக்குழலைத் தேடி முழங்கை வரை கையை உள்ளே விட்டிருந்தேன். கத்தியை விரித்தபோது வழக்கமாகக் கேட்கும் "டக்" என்ற ஓசை கேட்கவில்லை. சற்று மந்தமான, ஈரமான ஓர் ஒலி மட்டுமே எழுந்தது. அதைக் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. உள்ளே கத்தியின் முதுகு விலாவில் இடித்ததும் அலகு மடிந்து என் ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் இறங்கியது. வெளியே எடுத்த கையில் எது மானின் குருதி, எது என்னுடையது என்று விளக்கொளியில் தெரியவில்லை. நீரூற்றிக் கழுவியபிறகுதான் வெட்டின் உதடுகள் விரிந்தன. நான்கு தையல் போட வேண்டியிருந்தது. அன்றிரவே கத்தியைப் பிரித்துப் பார்த்தேன். முந்தைய நாள் முயல் அறுத்தபோது ஒட்டிய கொழுப்பு, பூட்டின் பல் வந்து அமரும் பள்ளத்தில் காய்ந்து மெழுகுபோல் இறுகியிருந்தது. பல் முழுதாக அமரவில்லை, விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றிருந்தது, அவ்வளவே. கத்தி சரியாகத்தான் இருந்தது, நான்தான் கழுவாமல் மடக்கி வைத்திருந்தேன்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை இது. ஓசை தெளிவாகக் கேட்கும் வரை வேலையைத் தொடங்காதீர்கள். விரித்ததும், விரல்களை வாயின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரத்துண்டில் மெல்ல அழுத்திப் பாருங்கள். முதுகுப் பூட்டுக் கத்திகளில் இன்னொன்றும் இருக்கிறது. பூட்டை விடுவிக்கும் பட்டை கைப்பிடியின் முதுகிலேயே இருப்பதால், வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கையின் சதையே அதை அமுக்கிவிடக் கூடும். அதற்காகவே சில கத்திகளில் அந்தப் பட்டையைச் சற்றுக் குழித்து வைத்திருப்பார்கள். டேவிட் பாய் என்ற கத்தி வினைஞரின் பெயரால் அந்தக் குழிவை அழைப்பார்கள். உங்கள் கத்தியில் அது இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லைனர் லாக் என்னும் உட்தகட்டுப் பூட்டில் சிக்கல் வேறு விதமானது: திருகிப் பிடித்தால் விரலின் பக்கவாட்டு அழுத்தம் தகட்டை நகர்த்திவிடலாம். பிரெஞ்சு ஓப்பினல் கத்தியில் 1955 முதல் இருந்துவரும் சுழல் வளையப் பூட்டு இவ்விரண்டையும்விட எளிமையானது, கண்ணாலேயே சரிபார்க்கக் கூடியது. ஆனால் அதன் மரப்பிடி நீரில் ஊறினால் உப்பிக்கொண்டு அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு திறப்பதே பெரும்பாடு.

இனி வேலைக்கு வருவோம். மானை மல்லாத்திக் கால்களை விரித்து வைத்தபின், முதலில் வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் கீறுங்கள். பிறகு இடக்கையின் இரண்டு விரல்களை உள்ளே விட்டுக் கவையாக விரித்து, தோலையும் வயிற்றுச் சுவரையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவற்றின் நடுவில் கத்தியின் வாய் வானத்தைப் பார்க்க வைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். விரல்களின் புறங்கைப் பக்கம் குடலைக் கீழே அமுக்கிக்கொள்ளும். கத்தி தோலின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அறுப்பதால் மயிர் வெட்டுப்பட்டு இறைச்சியில் உதிராது, வாயும் சீக்கிரம் மழுங்காது. இதில் விசை முழுதும் வாயில்தான் விழுகிறது என்பதால் மடக்குக் கத்திக்கு இது மிகப் பாதுகாப்பான வேலை. சிக்கல் முனையில்தான் இருக்கிறது. 110 வகையில் முனை ஊசிபோல் கூர்ந்து மேல்நோக்கி இருக்கும்; வாய் மேலே பார்க்கும்படி கத்தியைத் திருப்பும்போது அந்தக் கூர்முனை குடலின் பக்கமாகச் சாய்ந்துவிடும். பாப் லவ்லெஸ் என்ற கத்தி வினைஞர் முனை தாழ்ந்த வேட்டைக்கத்தியைப் பரவலாக்கினார். அதன் பயன் இந்த ஓரிடத்தில் கை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். உங்கள் கத்தியிலேயே செய்வதானால், முனை எப்போதும் இரண்டு விரல்களுக்கு இடையே மறைந்தே இருக்கட்டும். விரல்களைத் தாண்டி அது வெளியே தெரியத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். இரைப்பையைக் குத்திவிட்டால் நாற்றம் உங்களுக்கு அறிவித்துவிடும். சிறுநீர்ப்பையைக் குத்தினால் அறிவிப்புகூட இருக்காது.

நெஞ்செலும்பை, இடுப்பெலும்பை இந்தக் கத்தியால் பிளக்கவே பிளக்காதீர்கள். அலகைச் செருகிக் கல்லால் முதுகில் தட்டுவது மடங்காத கத்திக்கே நல்லதன்று. மடக்குக் கத்தியில் அந்த அடி முழுதும் கீலின் ஆணியிலும் பூட்டின் பல்லிலும் போய் விழுகிறது, அதன்பின் அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் அதை நிறுத்த முடியாது. திறக்கத் தேவையும் இல்லை. மலவாயைச் சுற்றி வட்டமாக அறுத்து, உள்ளிருக்கும் குழாயைத் தளர்த்தி, நுனியைக் கயிற்றால் கட்டிவிட்டால் இடுப்பெலும்பைப் பிளக்காமலேயே அதை உள்பக்கமாக இழுத்துக்கொள்ளலாம். நெஞ்சுக்கூட்டைத் திறந்தால் மூச்சுக்குழலைக் கண்ணால் பார்த்து அறுக்கலாம், உடலும் விரைவில் சூடு தணியும். அதற்கு மடக்கு ரம்பம் ஒன்று போதும். என் விரலில் கத்தி மடங்கிய நாளிலிருந்து ரம்பம் இல்லாமல் நான் புறப்படுவதில்லை.

கால்களைப் பிரிப்பதைப் பற்றியும் ஒன்று. மானின் முன்னங்கால் உடலோடு எலும்பு மூட்டால் இணைந்ததன்று. தோள்பட்டை எலும்பு தசைகளால் மட்டுமே விலாவின் மீது பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. காலைத் தூக்கிப் பிடித்து அக்குளின் உட்புறமாகத் தசையை அறுத்துக்கொண்டே போனால், உங்கள் கத்தியில் பாதி அளவுள்ள கத்தியால்கூட இரண்டு நிமிடத்தில் அது கையோடு வந்துவிடும். பின்னங்காலில்தான் பந்துக் கிண்ண மூட்டு. காலை வெளிப்பக்கமாக மடக்கிச் சாய்த்தால் மூட்டு வாய் திறக்கும், உள்ளே வெள்ளையாகத் தெரியும் நாரை முனையால் அறுத்தால் போதும். கத்தியை உள்ளே செருகி நெம்பினால் கீல் போய்விடும்.

சாணைக்கல்

நெடுங்காடு சொன்ன விசைக் கணக்கை ஏற்கிறேன். ஆயினும் இருட்டு, குளிர், மரத்துப்போன விரல் என்ற மூன்றும் சேர்ந்த வேளையில் எந்த விசை எந்தப் பக்கம் விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. எண்ண வேண்டிய தேவையே இல்லாத கருவியைத்தான் நான் அந்த வேளைக்கு விரும்புவேன்.

மெல்லிழை

மாற்று அலகு மடக்குக் கத்தியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. இப்போது வேட்டைக்குச் செல்பவர்கள் பலரின் பையில் இருப்பது அதுதான். ஹாவலான் போன்ற நிறுவனங்கள் அறுவை மருத்துவர்களின் கத்தியைப் போன்ற மெல்லிய அலகுகளை மடக்குப் பிடியில் பொருத்தித் தருகின்றன. மழுங்கினால் தீட்ட வேண்டியதில்லை, கழற்றிப் புதியதை மாட்டிக்கொள்ளலாம். தோலுரிக்கும்போது அதன் ஓட்டத்துக்கு இணையாக வேறெதையும் நான் கண்டதில்லை. விரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு அலகை வெறுமனே தொட்டுக்கொண்டு போனாலே சவ்வு பிரிந்துகொண்டே வரும்.

ஆனால் அதன் மென்மையே அதன் குறை. பக்கவாட்டில் சற்று வளைந்தாலும் ஒடிந்துவிடும். ஒருமுறை பின்னங்கால் மூட்டில் அவசரப்பட்டுத் திருப்பியதில் முனை ஒடிந்து இறைச்சிக்குள் போய்விட்டது; அந்த ஒரு சென்டிமீட்டர் எஃகைத் தேடி அரைமணி நேரம் செலவிட்டேன், கிடைக்காமல் அந்தப் பகுதி இறைச்சியை முழுதாக வெட்டி ஒதுக்கினேன். உண்பவர் பல்லிலோ தொண்டையிலோ அது போய்ச் சிக்குவதைவிட அது மேல். இன்னொன்று, வழுக்கும் கையால் அந்த அலகைக் கழற்றப் போவது வெட்டுப்படுவதற்கு நேரான வழி. சிறிய இடுக்கி ஒன்றையும், கழற்றிய அலகைப் போட மூடியுள்ள புட்டி ஒன்றையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். மாட்டியவை எத்தனை, புட்டிக்குள் இருப்பவை எத்தனை என்று இடத்தைவிட்டுக் கிளம்புமுன் எண்ணிவிடுங்கள்.

என் பழக்கம் இரண்டையும் வைத்துக்கொள்வதுதான். தோலுக்கு மெல்லலகு, மூட்டுக்கும் உதரவிதானத்துக்கும் தடித்த அலகு.

ஈரத்துணி

நான் மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன், அதுவே நீண்டுவிடும்.

மடக்குக் கத்தியைக் கழுவுவது என்றால் அலகைக் கழுவுவது என்று பலர் நினைக்கிறார்கள். அலகு கண்ணுக்குத் தெரிவதால் அதை யாரும் விட்டுவிடுவதில்லை. அழுக்கு தங்குவது கைப்பிடிக்குள் அலகு படுத்துக்கொள்ளும் அந்த நீண்ட பள்ளத்திலும், கீலின் இரு பக்கமும் இருக்கும் வளையத் தகடுகளுக்கு இடையிலும், பூட்டின் பல்லுக்கு அடியிலும்தான். உங்கள் முதுகுப் பூட்டுக் கத்தியில் பூட்டுப் பட்டையே முதுகை மூடிக்கொண்டிருப்பதால் தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேற வழியில்லை. உட்தகட்டுப் பூட்டுக் கத்திகள் பலவற்றில் முதுகு திறந்தே இருக்கும், குழாயடியில் பிடித்தால் நீர் ஊடுருவி ஓடிவிடும். கழுவும் வசதி என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் அதுவே மேல்.

வேலை முடிந்ததும், குருதி காயும் முன், குளிர்ந்த நீரால் அலசுங்கள். சூடான நீரை முதலில் ஊற்றினால் குருதியிலுள்ள புரதம் அங்கேயே இறுகி ஒட்டிக்கொள்ளும். காட்டில் நீர் இல்லாவிட்டால் ஈரத்துணியால் பள்ளத்தைத் துடைத்து, கத்தியை மடக்காமல் விரித்தபடியே ஒரு துணியில் பாதுகாப்பாகச் சுற்றி எடுத்து வாருங்கள். அழுக்கோடு மடக்குவதுதான் எல்லாத் தொல்லைக்கும் தொடக்கம். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு, பழைய பல் துலக்கும் தூரிகையால் பள்ளத்தின் உள்ளே தேயுங்கள். அலகைப் பாதி மடக்கிய நிலையில் பிடித்தால்தான் பூட்டுப் பல் அமரும் இடம் வெளியே தெரியும். அங்கே பல்குச்சியால் சுரண்டுங்கள். கொழுப்பு இளகி நீரில் கண்கண்ணாக மிதந்து வருவதை நீங்களே பார்க்கலாம். கண்கள் வருவது நிற்கும் வரை தேய்த்துவிட்டு, நன்றாக உதறி, விரித்தபடியே வெப்பமான காற்றோட்டத்தில் காய விடுங்கள். பிறகு உணவில் பட்டாலும் தீங்கில்லாத கனிம எண்ணெய் ஒரு சொட்டு கீலில் விட்டால் போதும். துரு நீக்கும் தெளிப்பான்களை உணவைத் தொடும் கத்தியில் அடிக்காதீர்கள். சமையல் எண்ணெயும் வேண்டாம், சில வாரங்களில் பிசினாகிப் பூட்டையே ஒட்ட வைத்துவிடும்.

எஃகு துருவேறாதது என்று எழுதியிருந்தாலும் நம்பி இருந்துவிடக் கூடாது. குருதியில் உப்பு இருக்கிறது. கீலின் ஈரமான இடுக்கில் காற்றும் போகாது, அங்கே புள்ளி புள்ளியாகக் குழி விழும். பித்தளையில் பச்சை படிவதும் அந்த ஈரத்தால்தான்.

இனி சற்று அச்சமூட்டும் செய்தி, ஆனால் சொல்லாமல் விட முடியாது. முயலிலிருந்து துலரீமியாவும், காட்டுப்பன்றியிலிருந்து புருசெல்லோசிசும் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே மனிதருக்கு வரக் கூடிய நுண்ணுயிரி நோய்கள். எனவே ரப்பர் கையுறை வேண்டும், கத்தி பிடிக்காத கையில் அதற்கு உள்ளே வெட்டுத் தாங்கும் கையுறையும் இருந்தால் நலம். மானினத்தைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய் என்று ஒன்று உண்டு. 1967-இல் அமெரிக்காவின் கொலராடோவில், அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம் முதலில் கண்டறியப்பட்டது. பிரியான் என்னும் உருத்திரிந்த புரதத்தால் வருவது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. எனினும் நோய் உறுதியான விலங்கின் இறைச்சியை உண்ணக் கூடாது என்றும், மூளை, தண்டுவடம் போன்றவற்றை வெட்டாமல் தவிர்க்க வேண்டும் என்றும் பொதுச் சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகிறார்கள். கொதிக்க வைத்தாலும் அந்தப் புரதம் அழியாது. வீட்டு வெளுப்புத் திரவத்தை 40 விழுக்காடு வரும்படி நீரில் கலந்து 5 நிமிடம் ஊற வைத்தால் எஃகின் பரப்பில் ஒட்டியிருப்பது செயலிழக்கிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தத் திரவம் திசுத் துண்டுக்குள் ஊடுருவிப் போய் வேலை செய்யாது. இப்போது உங்கள் கத்தியின் கீலை நினைத்துப் பாருங்கள். மடங்காத கத்தியைத் தேய்த்து, ஊற வைத்து, அலசிவிட்டால் முடிந்தது. மடக்குக் கத்தியை முழுதாகப் பிரிக்காமல் உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உங்களுடையதுபோல் ஆணி அறைந்து இறுக்கிய கத்தியைப் பிரிக்கவும் முடியாது. வெளுப்புத் திரவமோ பித்தளையையும் மரத்தையும் கெடுத்துவிடும். அந்த நோய் உள்ள பகுதியில் வேட்டையாடுபவராக இருந்தால், பூட்டைப் பற்றிய விவாதம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, இந்த ஒரு காரணத்துக்காகவே மடங்காத கத்தியை எடுங்கள்.

நெடுங்காடு

இது என் கணக்கில் வராத செய்தி; ஈரத்துணிக்கு நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வயிற்றைத் திறக்காமலேயே இறைச்சியை எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. மானை ஒருக்களித்துப் போட்டு, முதுகுத் தண்டை ஒட்டித் தோலைக் கீறி உரித்து, மேற்பக்கத்து முன்னங்கால், பின்னங்கால், முதுகுச் சதை, கழுத்துச் சதை ஆகியவற்றை எடுத்துவிட்டு மறுபக்கம் புரட்டிப் போட வேண்டும். உள்முதுகுச் சதையை மட்டும் கடைசி விலாவுக்குப் பின்னால் சிறிதாகத் திறந்து, கையால் பற்றி இழுத்துக்கொள்ளலாம். நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விடும் வேலை இதில் இல்லை, தண்டுவடத்தைத் தொடும் வேலையும் இல்லை. மடக்குக் கத்தி மட்டும் கையில் இருக்கும் நாளில் எனக்கு இதுவே முதல் தேர்வு. ஆனால் உள்ளுறுப்புகளையும் எடுத்துக் காட்ட வேண்டும் என்றோ, உடலை முழுதாகக் கொண்டுவர வேண்டும் என்றோ சட்டம் சொல்லும் இடங்கள் உண்டு. உங்கள் உரிமத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும் நேரம் முக்கியம். விழுந்த மானின் உடல் 38, 39 டிகிரி செல்சியசில் இருக்கும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. மழுங்கிய கத்தியோடு போராடி ஒரு மணி நேரத்தைத் தொலைப்பது, பூட்டு கெடுவதைவிட அடிக்கடி நடப்பது.

சாணைக்கல்

மழுங்குவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கத்தியை மழுக்குவது இறைச்சி அன்று, மயிரில் ஒட்டியிருக்கும் மண்தான். மணல் துகள் எஃகைவிடக் கடினமானது. 2001-இல் வந்த எஸ்30வி, 2021-இல் வந்த மேக்னாகட் போன்ற எஃகுகள் நெடுநேரம் கூர் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அவற்றைக் காட்டில் உட்கார்ந்து தீட்ட வைரப்பொடி பூசிய கோல் வேண்டும், பொறுமையும் வேண்டும். உங்கள் கத்தி பெரும்பாலும் 420 எச்.சி. போன்ற எளிய எஃகாக இருக்கும். ஒரு மானின் பாதியில் கூர் இறங்கலாம், பீங்கான் கோலில் பக்கத்துக்குப் பத்து முறை இழுத்தால் திரும்பி வந்துவிடும். எனக்கு அதுவே போதும். பக்கத்துக்கு 20 டிகிரி கோணத்தில் தீட்டுங்கள். அதைவிட மெல்லியதாக்கினால் எலும்பில் பட்ட இடத்தில் வாய் உருண்டுவிடும். கண்ணாடிபோல் மெருகேற்றவும் வேண்டாம், சற்றுச் சொரசொரப்பான வாய்தான் தோலைப் பற்றிக்கொண்டு அறுக்கும்.

புதுத்தடம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நெடுங்காடு எழுதியதைப் படித்தவுடன் எழுந்துபோய்க் கத்தியை விரித்துப் பார்த்தேன். ஓசை தெளிவாகவே இருந்தது. ஆனால் அலகைப் பாதி மடக்கி விளக்கின் கீழ் பிடித்தபோது, பல் அமரும் பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைந்திருந்தது. பல்குச்சியால் சுரண்டினால் சட்டைப்பையின் பஞ்சு, அதனோடு ஆப்பிள் தோலின் காய்ந்த துணுக்கு. இதுவரை அந்தக் கத்தி பழத்தைத் தவிர எதையும் அறுத்ததில்லை, அதற்கே இவ்வளவு. முதுகுப் பட்டையில் அந்தக் குழிவும் இல்லை.

எங்கள் பகுதியில் அந்த நலிவு நோய் இருப்பதாக அறிவிப்பு உண்டு என்பதால் ஈரத்துணி சொன்னதே எனக்கு முடிவாகிறது: முனை தாழ்ந்த, 9 செ.மீ. அளவிலான, மடங்காத கத்தி ஒன்றை வாங்குகிறேன். மடக்கு ரம்பமும் அதனோடு வரும். பழைய மடக்குக் கத்தி கயிறு அறுக்கவும் பழம் நறுக்கவும் பையில் இருக்கும். மெல்லிழை சொன்ன மாற்று அலகுக் கத்தியை இந்தப் பருவத்துக்குத் தள்ளிவைக்கிறேன். முதல் மானிலேயே ஒடிந்த முனையைத் தேடும் துணிவு எனக்கில்லை. ஒரே ஓர் ஐயம்: தோல் உறை, பிளாஸ்டிக் உறை என்ற இரண்டில் எது நல்லது?

ஈரத்துணி

பிளாஸ்டிக். தோல் குருதியை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அதைக் கழுவவும் முடியாது, காய வைக்கவும் நாளாகும். அடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மெல்லிழை

கைப்பிடி ஆரஞ்சு நிறத்தில் கிடைத்தால் அதையே எடுங்கள். நான் தொலைத்த இரண்டு கத்திகளும் மரப்பிடி; இரண்டும் கீழே வைத்த இடத்திலேயே சருகோடு சருகாகக் கிடந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.